சுவையும் நூலும்

தான் விரும்பி நுகர்ந்ததை நூலாக்கி ஊராருக்கு அளிப்பது தகுமா? மதுவைப் பொறுத்தவரை இவ்வினா கெடா மண்ணில் கூர்மை மிக்கது. ஜெராய் மலையின் ஒருபுறம் யான், மறுபுறம் பீடோங். 1947ஆம் ஆண்டில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். தோட்ட நிருவாகமே கடை நடத்திற்று. காலையில் பெற்ற கூலி மாலையில் அங்கேயே திரும்பிற்று.

இங்கிலாந்தில் மைக்கேல் ஜாக்சன் என்னும் இதழாளர் (பாடகர் அல்லர்) ஊர் ஊராகச் சென்று பியர் சுவைத்தார். ஆங்கில மதுக்கூடங்களைப் பற்றிய அவருடைய தொடக்க நூல் 1976இல் வந்தது. மறு ஆண்டே உலகப் பியர்களைப் பற்றிய பெருநூல். எந்தத் தானியம், எந்த நொதி, எந்த ஊர் வழக்கம் என்று அவர் வகைப்படுத்தினார். பெல்ஜியத் துறவி மடங்களின் பியரை அயல்நாட்டார் அறிந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. விருப்பம் அங்கே அறிவாயிற்று. இதனை மறுப்பது நேர்மையன்று.

ஆயினும் அவர் வேண்டும்போது குடித்தார், வேண்டாதபோது நகர்ந்தார். பால்மரத் தொழிலாளிக்கு நகர இடமேது? பாளை சீவிக் கள் இறக்கும் நுட்பமும் எழுதத்தக்க கலையே. எழுத முனைவோர், உலையேற்றாத வீட்டுக்கும் அந்நூலில் ஓர் அதிகாரம் ஒதுக்கட்டும்.