நான் பட்டிராத கடன்



கடனைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் பெரும்பாலும் ரோமர் 13:8-ஓடு முடிந்துபோகும். யாருக்கும் கடனாளியாய் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். ஆனால் ஒருவன் வாசலில் வந்து நின்று, நாம் பட்டிராத கடனைக் கேட்டால்? பெரிய தொகைகூட இல்லை, நாலாயிரம் சொச்சம். கொடுத்துத் தொலைத்தால் நிம்மதி. கொடுக்காவிட்டால் காலையும் ராத்திரியும் போன். விசுவாசி என்ன செய்ய வேண்டும்?

எனக்கு இது வந்த விதத்தைச் சொல்லுகிறேன். பைக் லோன் 24 தவணையும் கட்டி 2024-ல் முடித்தேன். ஆர்.சி. புக்கில் உள்ள அடமானக் குறிப்பை எடுக்க என்.ஓ.சி. கேட்டபோது, "உங்க பேர்ல 4,260 ரூபாய் நிலுவை இருக்கு சார்" என்றார்கள். இரண்டு மாதத் தவணை பாங்கிலிருந்து திரும்பி வந்ததாம். அதற்குக் கட்டணம், அபராதம், அபராதத்தின்மேல் வட்டி.

பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் கம்பெனியில் சம்பளம் நாலு நாள் தாமதமாய் வந்ததால் தவணை திரும்பியது உண்மை. அந்தத் தவணையை அவர்கள் கவுண்டரிலேயே கட்டி ரசீதும் வைத்திருக்கிறேன். திரும்பிய கட்டணம் 500 ரூபாய் மட்டும் பாக்கி. மற்ற மாதம் சொன்ன தேதியிலேயே பணம் போயிருக்கிறது. ஆக 500 ரூபாய் நான் கொடுக்க வேண்டியது. 3,760 நான் கொடுக்க வேண்டியதல்ல.

வசூலுக்கு வந்த தம்பி, "ரெண்டாயிரம் கட்டிடுங்க சார், செட்டில்மென்ட்ல முடிச்சிடலாம்" என்றான். வீட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு சகோதரி, "கொடுத்துட்டு விடுங்க பிரதர், வஸ்திரத்தைக் கேட்டா அங்கியையும் கொடுக்கணும்னுதானே ஆண்டவர் சொன்னார்" என்றார்கள். அவர்கள் சொன்னது லேசாய்த் தள்ளக்கூடிய வார்த்தை அல்ல. அதற்கு மேலாக மத்தேயு 17-ஆம் அதிகாரம் எனக்கு விரோதமாகவே நின்றது. தேவாலய வரிக்காரர் கப்பர்நகூமில் பேதுருவிடம் வந்து கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த வரி இல்லை என்று வீட்டுக்குள்ளே பேதுருவுக்கு விளக்கின நம் ஆண்டவர், அவர்களுக்கு இடறல் வேண்டாம் என்று மீனின் வாயிலிருந்து பணத்தை எடுத்துக் கட்டச் சொன்னார். தாம் கொடுக்க வேண்டியிராததைக் கொடுத்தார், வழக்காடவில்லை. அப்படியிருக்க நான் யார்?

இரண்டு மூன்று நாள் இதே ஜெபமாய் இருந்தேன். பிறகு அந்தச் செட்டில்மென்ட் காகிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தேன். அதில், நிலுவைத் தொகை முழுவதையும் நான் ஒப்புக்கொள்வதாகவும், கட்ட முடியாததால் குறைத்துக் கொடுப்பதாகவும் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் அது தானமும் அல்ல, அங்கியைக் கொடுப்பதும் அல்ல. என் கையால் எழுதும் பொய்ச்சாட்சி. சிபில் போன்ற கணக்கிலும் 'செட்டில்டு' என்றே ஏறும். முழுக்கடனைக் கட்டாதவன் என்று அதற்கு அர்த்தம். அங்கியை இழக்கிறவன் கடனாளி என்று எழுதிக் கொடுக்கும்படி ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லை. அப்போஸ்தலனாகிய பவுலைப் பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் அடித்துச் சிறையில் போட்டவர்கள் ரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர் சத்தமில்லாமல் போய்விடவில்லை. அதிகாரிகளே நேரில் வரட்டும் என்றார் (அப். 16:37). அவர் போனபின்பு அந்த ஊரில் இருக்கப்போகிற சிறு சபையையும் மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கிறேன்.

என் விஷயத்திலும் அதுதான் பாரமாயிற்று. எனக்குப் பாஸ்புக் இருக்கிறது, வாசிக்கத் தெரியும். அடுத்த தெருவில் இதே காகிதத்தைக் காட்டினால் கைநாட்டு வைக்கிற விதவை என்ன செய்வாள்?

ஆகையால் 500 ரூபாயை அவர்கள் ஆபீசிலேயே கட்டினேன். 'இன்ன மாதத்துக் கட்டணம் மட்டும். மற்றதை நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். அபராதத்தின்மேல் வட்டி போடக்கூடாதென்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னதையும் எழுதினேன். வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாதென்று 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை போயிருக்கிறது. கம்பெனி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமில்லாமல் எழுதலாம். இதெல்லாம் உலகப்பிரகாரமான காரியம் என்று சிலர் சொல்லக்கூடும். உபாகமம் 24:10, 11-ஐ வாசியுங்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும் என்று கட்டளை கொடுத்தவர் நம்முடைய தேவன். ஏழையின் வாசற்படிக்கு மரியாதை வைத்தவர் அவரே.

இதில் கடனைவிட மோசமான ஒன்று உண்டு. பெல் அடித்ததும் பிள்ளையிடம், "அப்பா இல்லைன்னு சொல்லு" என்கிறோமே, அதுதான். நாலாயிரம் ரூபாய்க்காகப் பிள்ளையின் நாவைப் பொய்க்கு ஒப்புக்கொடுப்பதா? ஞாயிறு பள்ளியில் அதே பிள்ளை வசனம் ஒப்புவிக்கிறது! நியாயமான கடனோ அநியாயமான கடனோ, கதவைத் திறந்து நேராய்ப் பேசுங்கள்.

அந்தத் தம்பியும் ஓர் ஆத்துமாதான். முதல் தரம் ராத்திரி ஒன்பதரைக்குப் போனில் சத்தம் போட்டான். மறுநாள் வெயிலில் வந்தபோது தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். மாதத்துக்கு இத்தனை வசூல் என்று அவனுக்கும் ஒரு கணக்கு; குறைந்தால் கமிஷன் இல்லை. "எனக்கும் மேல இருந்து திட்டு சார்" என்றான். மத்தேயு 18-இல் சக வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தவனும் ஒரு ராஜாவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன்தானே. ஆனால் அவன்மேல் இரக்கப்பட்டேன் என்பதற்காகக் கையெழுத்துப் போடவில்லை. பாஸ்புக் நகலைக் கொடுத்து, "இதை உங்க மேனேஜர்கிட்ட காட்டுங்க தம்பி" என்றேன்.

இந்த இடத்தில் சபைக்குள்ளும் ஒரு வார்த்தை. பட்டிராத கடனை மறுக்கத் தைரியம் வேண்டும் என்று சொல்லும்போது, பட்ட கடனை மறுக்கிறவர்களும் சந்தோஷப்பட்டுவிடக்கூடாது. 1963-ஆம் வருஷத்துச் சட்டப்படி பொதுவாய் மூன்று வருஷம் கழிந்தால் கடனுக்கு வழக்குப் போட முடியாது. கோர்ட்டுக்கு அது சரி. சங்கீதம் 37:21-ல் வாங்கித் திரும்பக் கொடுக்காதவனுக்குச் சொல்லியிருக்கிற பெயருக்கு வருஷக் கணக்கு எதுவும் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிற சகோதரனிடம் கைமாற்றாய் வாங்கின இரண்டாயிரத்தை ஐந்து வருஷமாய் மறந்துபோனவர்கள் நம்மில் உண்டு. அவர் வசூல்காரனை அனுப்பமாட்டார். ஆராதனை முடிந்ததும் நம் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவார்.

என்னுடைய கணக்கு, கடிதம் கொடுத்த ஏழாவது வாரத்தில் தீர்ந்தது. 3,760-ஐ நீக்கிவிட்டதாக இரண்டு வரியில் பதிலும், கூடவே என்.ஓ.சி.யும் வந்தது. தபாலைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தத் தம்பிதான். அவனுக்கு வேறு ஏரியா மாற்றியிருக்கிறார்கள். தாயார் சுகவீனமாயிருப்பதாகச் சொன்னான். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் சபையில் இப்படிப்பட்ட நோட்டீஸ் வந்திருக்கிறவர்கள், சனிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் பாஸ்புக்கையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம். எது நீங்கள் பட்டது, எது படாதது என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம்.