ஆசைக்கா, ஆதாயத்துக்கா?

ஒரே பொருள் இருவர் கையில் இருக்கிறது. ஒருவருக்கு அது மகிழ்ச்சி, மற்றவருக்கு மூலதனம். பொருள் மாறவில்லை; நிய்யத்துதான் மாறியிருக்கிறது. இதற்கு அமெரிக்காவின் பேஸ்பால் அட்டைகளைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

பேஸ்பால் என்பது அந்நாட்டு மக்கள் உயிராய் நேசிக்கும் பந்தாட்டம். அதன் வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை முதலில் சிகரெட் பெட்டிகளிலும், பின்னர் பபிள்கம் பொட்டலங்களிலும் வைத்து விற்றார்கள். சரக்கு விற்க ஒரு தூண்டில், அவ்வளவே. சிறுவர்கள் அவற்றைத் தங்களுக்குள் மாற்றிக் கொண்டார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகிப் படபடவென்று ஓசை எழுப்பி ஓட்டினார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் தாய்மார்கள் அவற்றைக் குப்பையில் கொட்டினார்கள். (உருவப் படங்கள் பற்றிய மஸ்அலா தனியானது; அதை நாம் இங்கே எடுக்கவில்லை.)

அவ்வாறு அழிந்ததனால்தான் எஞ்சியவற்றுக்கு விலை வந்தது. டாப்ஸ் கம்பெனி 1952-ல் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. யாரோ பல சிறுவர்கள் ஆசைதீர விளையாடிக் கிழித்ததன் லாபம் இது! 1980-களின் இறுதியில் இத்தகைய விலைகளைக் கேள்விப்பட்டவர்கள் புது அட்டைகளைப் பெட்டி பெட்டியாய் வாங்கிப் பிரிக்காமலேயே பூட்டி வைத்தார்கள். கம்பெனிகளும் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. இன்று அவற்றில் பெரும்பாலானவை வாங்குவாரற்றுக் கிடக்கின்றன.

விலையே குறியாகிவிட்டால் மனிதன் எங்கே போய் நிற்கிறான் என்பதையும் காண்கிறோம். அட்டையின் முனை மழுங்காதிருக்கிறதா என்று ஆராய்ந்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருகிறார்கள். உரியவரே அதைக் கையால் தொட முடியாது. 1909-க்கும் 1911-க்கும் இடையே சிகரெட்டுடன் வந்த ஹோனஸ் வாக்னர் அட்டைகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் ஓரங்களை, புதிதுபோல் தோன்றும்படித் தாமே கத்தரித்ததாக ஏலக்காரர் ஒருவர் 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அது பல கைகள் மாறி, 2007-ல் 28 லட்சம் டாலருக்கு விற்றிருந்தது. குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதை நாம் சொல்லித்தான் அறிய வேண்டுமா?

இதற்கு நேர் எதிரானவர் ஜெஃபர்சன் பர்டிக். சிரக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்; கீல்வாதத்தால் கைகால் முடங்கி வந்தவர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். பல ஆண்டுகள் அங்கே அமர்ந்து, வலிக்கும் விரல்களால் அவற்றை ஆல்பங்களில் பசையிட்டு ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் மரணமடைந்தார். பசையிட்டு ஒட்டுவதா! முதலீட்டாளர் கேட்டால் மயங்கி விழுவார்.

ஆயினும் லாபத்துக்காக வாங்குவது பாவமென்று நாம் சொல்லவில்லை. வியாபாரம் ஹலால். நமக்கு ஐயம் உண்டாக்குபவர் இரண்டு நாக்கு உடையவர். இவ்வளவு பணத்தைக் காகிதத்தில் கொட்டலாமா என்று மனைவி கேட்டால், "இது முதலீடு" என்கிறார். ஜகாத் எங்கே என்று கேட்டால், "வெறும் பொழுதுபோக்குதானே" என்கிறார். மனைவியிடம் ஒரு நிய்யத்து, அல்லாஹ்விடம் வேறொரு நிய்யத்தா?

மார்க்கச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கென வைத்திருக்கும் பொருளுக்கு ஜகாத் இல்லை. ஆசைக்காக வாங்கியதை, விலை ஏறியபின் விற்கலாம் என்று மனதில் நினைத்ததால் மட்டும் அது வியாபாரச் சரக்காகிவிடாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. ஆனால் விற்று லாபம் பெறும் நிய்யத்துடனேயே விலைக்கு வாங்கிய அட்டை, துணிக்கடையில் உள்ள துணியைப் போன்றதே. நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகிறது. வாங்கிய விலைக்கல்ல, அன்றைய சந்தை விலைக்கே கணக்கு. பத்தாயிரம் டாலர் பெறுமானால் இருநூற்றைம்பது டாலர்.