தவறு மன்னிக்கப்படும், பொறுப்பு?

மூன்று மாதங்களுக்கு முன் ஃபஜ்ருக்கு எழுந்த என் வாப்பா, உளூச் செய்யும் இடத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை; முழங்கைக் காயத்தோடு போயிற்று. அவர்களுக்கு வயது 74. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய். நாளொன்றுக்கு ஏழு வகை மாத்திரைகள். அவற்றை எடுத்துக் கொடுப்பவன் நான்.

விழுந்ததன் காரணம் மருந்துக் கடையில்தான் தெரிந்தது. இதய வைத்தியர் இரத்த அழுத்தத்திற்காக அம்லோடிபின் எழுதியிருந்தார். வாப்பா என் ராத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவ்வூர் வைத்தியரும் அதே மருந்தை வேறொரு கம்பெனியின் பெயரில் எழுதிவிட்டார். அட்டை வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. இரண்டையும் பதினோரு நாட்கள் கொடுத்திருக்கிறேன்! அட்டையில் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைக் கடைக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். கிதாபுகளின் ஓரக் குறிப்புகளைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தவன் நான். அந்த அட்டையைப் படிக்கவில்லை.

"உங்கள் நிய்யத் நல்லதுதானே ஹஜ்ரத், எல்லாம் தக்தீர்" என்று ஜமாஅத்தார் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் என்னை உறுத்திற்று. நிய்யத் நல்லதாக இருந்தால் மஸ்அலா முடிந்துவிடுமா?

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது உண்மை. மறதிக்கும் தவறுதலுக்கும் இந்த உம்மத்திற்கு மன்னிப்பு உண்டென்பதும் உண்மை. ஆனால் அன்னிஸா அத்தியாயத்தின் 92-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவனைப் பற்றி அது பேசுகிறது. அவனிடம் கொலை எண்ணம் இல்லை. இருந்தும் நஷ்டஈடும் கஃப்பாராவும் அவன்மீது வருகின்றன. ஏன்? ஹனஃபி ஃபிக்ஹு அறிஞர்கள் தரும் விளக்கம் நுட்பமானது. கொன்ற பாவம் அவன்மீது இல்லை. எச்சரிக்கையைக் கைவிட்ட பாவம் இருக்கிறது. அம்பை விடுமுன் வேட்டைக்காரன் இன்னொரு தடவை பார்த்திருக்கலாம் அல்லவா?

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் விளைவுக்கும் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. அது போலி வைத்தியர்களைப் பற்றியது என்றே பாடம் நடத்தி வந்திருக்கிறேன். "எனக்குக் கேட்டது, நீங்களும் போட்டுப் பாருங்கள்" என்று மூட்டுவலி மாத்திரையை நீட்டுகிறோமே, நாம் யார்? இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடும் முதியவருக்கு அந்த வலி மாத்திரை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கிவிடக் கூடும். மூட்டுவாதத்திற்கான மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டு உயிர்போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. வயது ஏறஏறச் சிறுநீரகம் தளர்வதால், மருந்து உடலில் தங்கும் நேரமும் கூடுகிறது. மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய தீங்கைக் குறைப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று.

சரி, எழுத்தறியாத மருமகள் மாமனாருக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டால்? சக்திக்கு மேல் அல்லாஹ் யாரையும் சோதிப்பதில்லை. ஆனால் மொத்தப் பையையும் அவளிடம் தள்ளிவிட்டு, ஒரு தடவைகூட உட்கார்ந்து விளக்காமல் கடைக்குப் போன மகனுக்கு அந்தச் சலுகை கிடைக்குமா? எனக்குச் சந்தேகந்தான்.

ரமளானில் இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. விடுபட்ட பகல் மாத்திரையை இரவு மாத்திரையோடு சேர்த்து நோன்பு திறந்தவுடன் விழுங்குகிறவர்கள் நம் மஹல்லாக்களில் நிறையப் பேர். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை வழக்கமான அளவில் ஸஹரில் போட்டுக்கொண்டால், பட்டினிப் பகலில் சர்க்கரை அபாயமாக இறங்கி நினைவே தப்பலாம். எந்த மாத்திரையை எந்த நேரத்திற்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை ஷஃபானிலேயே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நாமாக நிறுத்துவதும் ஆபத்தே. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வாப்பாவின் எல்லா அட்டைகளையும், ராத்தா தேடிக்கொடுத்த பழைய சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு ஒரே வைத்தியரிடம் கொண்டுபோனேன். ஏழு ஐந்தாயிற்று. அந்த ஐந்தின் பெயர், எதற்காக, எந்த வக்தில் என்பதை உம்மாவுக்குப் புரியும்படி ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இனி நோன்பு வேண்டாம், ஃபித்யா கொடுத்துவிடுங்கள் என்றார் வைத்தியர். அறுபது ஆண்டுகளாக நோன்பை விடாதவர்கள் வாப்பா. நோயாளிக்கு அல்பகரா அத்தியாயம் தரும் சலுகையை எடுத்துச் சொன்னேன். "எனக்கே ஓதிக் காட்டுகிறாயா?" என்றார்கள். ஷஃபான் பிறை தெரியட்டும், அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார்கள்.