பருவத்துக்கு முந்திய உடை

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள காத்தான்குடி, ஏறாவூர் ஆகிய முஸ்லிம் ஊர்களில், பத்துப் பன்னிரண்டு வயது மகளுக்கு எவ்வுடை தகும் என்ற வினா, இலங்கை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்ட மரபு வகுக்கும் 'முகல்லஃப்' நிலையோடு, அதாவது மார்க்கக் கடமைகளுக்கு ஒருவர் தாமே பொறுப்பாகும் நிலையோடு, பிணைந்தது. பருவமெய்தாத சிறுமி அந்நிலையை அடையாதவள் என்பதால், மறைக்க வேண்டிய உடற்பகுதியாகிய 'அவ்ரத்' பற்றிய விதியை மீறியதாக அவள்மீது பாவம் எழுதப்படுவதில்லை; ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்லும் நபிமொழியின் வழியே, பெற்றோர் மேற்கொள்வது பழக்குதலே.

1980களுக்குப் பின் வளைகுடாத் தொடர்புகளோடு பரவிய அபாயா என்னும் நீள்அங்கி, முந்திய தலைமுறையின் சேலை முக்காட்டைப் பின்தள்ளி, சிறுமியரையும் எட்டியது. வணக்கத்துக்கு உயிராகக் கருதப்படும் 'நிய்யத்', அதாவது உள்ளத்தின் எண்ணம், அயலார் பேச்சுக்கு அஞ்சி அணிவிக்கப்படும் உடையில் எவ்வாறு முளைக்கும் என்பதே இங்கு மெய்யான வினா. இலங்கையில் 2019 ஏப்ரலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளை அடுத்து முகத்திரை தடைசெய்யப்பட்ட காலத்தின் ஐயப்பார்வைக்கு அஞ்சி உடையைக் களையச் செய்வதும் அதே வினாவுக்கு உரியது.