ஜீவா எனும் நூல்

புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். தடித்த கம்பியை அழுத்தி மீட்டினால் சுரத்தோடு ஓர் இரைச்சலும் வருகிறது. கம்பி அடுத்த மெட்டில் உரசுகிறது. மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து ஆரோவில் வரை காற்றில் ஈரம்தான். ஈரத்தில் மரம் உப்பினால் கிட்டாரின் கழுத்து பின்னால் வளையலாம். உள்ளே ஓடும் இரும்புத் தண்டின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம்.

ஆனால் அந்த இரைச்சல் குறைதானா?

தம்புராவில் அதைத் தேடிப் போகிறார்கள். குதிரைமேல், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு நூலிழையைச் செருகி, மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். மொட்டையாக ஒலித்த தந்தி ஓரிடத்தில் சட்டென்று விரிந்து ரீங்கரிக்கிறது. தந்தி குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் மேல்சுரங்கள் எழுகின்றன. கிட்டாரில் விரட்டப்படும் உரசலுக்கு இது நெருங்கிய உறவு. அந்த நூலின் பெயர் ஜீவா. உயிர்! எத்தனை துணிச்சலான பெயர்.

யோக மரபு நாதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: மோதிப் பிறப்பது ஆகதம், மோதாமல் ஒலிப்பது அனாகதம். இரண்டாவதே உயர்ந்தது என்பார்கள். அப்படியானால் உரசல் மாசுதானே? தம்புரா இதற்கு உடன்படவில்லை என்றே தோன்றுகிறது. உரசலை அது ஒழிக்கவில்லை. சரியான இடத்தில் உட்கார வைக்கிறது.

வீணையிலும் இப்படிச் சரியான இடம் தேடும் வேலை உண்டு. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால், மறுபடி உட்கார்ந்து மேளம் கட்டுகிறார்கள், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கேற்ற இடத்தில் பதிக்கிறார்கள்.