ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாமே

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மார்கழி, பழம் பறிக்கிற பருவம். மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவரின் பேருக்கு நேரே மூன்று நாளாக எடை குறைந்துகொண்டே வந்தது. வேலையில் கவனமில்லை என்று எழுதிக் கூலியைக் குறைத்தேன். "ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமே, ஐயா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அவர் பறிக்கிற சரிவுக்குப் போனேன். சில்வர் ஓக் நிழலில் செடிகள் மஞ்சள் பாய்ந்து நின்றன. தண்டைப் புழு துளைத்திருந்தது. தடவினால் பட்டை மேடு மேடாக விரலில் தட்டியது. அந்தச் சரிவில் பறிக்கப் பழமே இல்லை. பிடித்த கூலியைக் கொடுத்துவிட்டேன். எழுதிய வரி இன்னும் உறுத்துகிறது.

வாச்சாத்தி மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகனின் பேரைக் கேட்டால் அந்தச் சரிவுதான் நினைவுக்கு வரும். மேல்முறையீட்டு நீதிபதிக்குக் காகிதம்தான் உலகம். சாட்சியின் முகமும் தழுதழுத்த குரலும் கீழ்க்கோர்ட்டோடு நின்றுவிடும்; மேலே போவது கட்டுக்கட்டாக நகல்கள்.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கிருப்பவர்களும் மலையாளி மக்களே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் வேல்முருகனிடம் வந்தது. 2023 மார்ச் 4 அன்று அவர் வாச்சாத்திக்கே போனார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310-ஆவது பிரிவு அதற்கு இடம் கொடுத்தது; போயே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 30 வருஷம் கழித்து அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊரைக் கூட்டி உட்காரவைத்த ஆலமரம், பெண்களை இழுத்துப்போன ஏரி, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம். காகிதத்தில் அவை வெறும் சொற்கள். அந்த மண்ணில் நின்று பார்ப்பவருக்குச் சாட்சியம் வேறு கனத்தோடு கேட்கும் என்று நான் நம்புகிறேன், என் சரிவு எனக்குச் சொல்லிக்கொடுத்ததால்.

2023 செப்டம்பர் 29. தருமபுரித் தீர்ப்பு வந்து சரியாக 12 வருஷம். மேல்முறையீடுகள் எல்லாவற்றையும் வேல்முருகன் தள்ளுபடி செய்தார். அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கச் சொன்னார்.