ஜக்கை அலசிய தண்ணீர்

1987இல் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. ஏப்ரல் முடிகிற நாளில் தொடங்கி மே கடைசி வரை. மேலப்பாளையத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. அஸர் தொழுதுவிட்டு வந்த பிறகும் அனல் தலையில் இறங்கிக்கொண்டே இருக்கும். வாப்பாவுக்குத் தறி, உம்மாவுக்குப் பீடித் தட்டு, நாங்கள் ஐந்து பிள்ளைகள். பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வந்துவிடும். பேரீச்சம்பழம் ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் உம்மா ஒரு எவர்சில்வர் ஜக்கில் சாத்துக்குடிச் சாறு கலந்து வைப்பார்.

மூன்று பழம், ஏழு பேர். தோலில் திட்டு விழுந்த பழத்தைப் பொழுது சாயும் நேரத்தில் விலை குறைத்துத் தருவார்கள். உம்மா கையில் தூக்கிப் பார்த்து, சிறியதானாலும் கனக்கிற பழமாகப் பொறுக்குவார். தோல் திட்டுக்கும் உள்ளே இருக்கிற சாற்றுக்கும் சம்பந்தமில்லை என்று அன்று அவரிடம் கற்றதை இன்றும் சந்தையில் கடைப்பிடிக்கிறேன். பிழிந்து, விதை எடுத்து, பானைத் தண்ணீர் ஊற்றி, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போடுவார். அந்த உப்பு, நீர்த்த சாற்றுக்கு ஒரு உடம்பு கொடுக்கும்.

பாங்கு சொன்னதும் ஊற்றுவார். ஆறு தம்ளர் நிறையும். ஏழாவது தம்ளர் எங்கள் வீட்டில் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. எல்லோரும் குடித்து முடித்த பிறகு ஜக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, ஒட்டிக்கிடந்த சக்கையோடு உம்மா குடிப்பார். "பரக்கத்து அடியிலதான் கிடக்கும்" என்பார். நாங்கள் நம்பினோம். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, ஆகவே தட்டை வழித்து உண்ணுங்கள் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. ஆனால் அது அவரவர் தட்டைப் பற்றிய பேச்சு. உம்மா வழித்தது எங்கள் ஆறு பேருடைய மிச்சத்தை. இந்த வேறுபாடு எனக்கு உறைக்க 32 வருடம் ஆயிற்று.

ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு. அதனால் நோன்பு எல்லாப் பருவங்களிலும் நகர்ந்து, ஏறத்தாழ 32, 33 வருடத்தில் தொடங்கிய இடத்துக்கே வரும். 2019 மே 7ஆம் தேதி, அதே கத்திரியில், அதே தாகத்தோடு அது மறுபடி வந்தது. இம்முறை ஜக்கு என் கையில். வீட்டில் ஆறு பேர்: கணவர், மூன்று பிள்ளைகள், எங்களோடு இருக்கும் உம்மா, நான். கடையில் ஒரு தம்ளர் ஜூஸ் 40 ரூபாய். ஆறு தம்ளருக்கு 240, முப்பது நாளைக்குக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருந்தது. ஆகவே நானும் உம்மா வழிக்கே வந்தேன். ஒருநாள் தர்பூசணி, ஒருநாள் எலுமிச்சையும் நன்னாரியும், வெள்ளிக்கிழமை மட்டும் சாத்துக்குடி. செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. மனம் நிறைந்துதான் இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை ஐந்து தம்ளரை நிறைத்துவிட்டு என் கை தானாக ஜக்கில் தண்ணீர் ஊற்றியது. சுழற்றியது. அப்படியே நின்றுவிட்டேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளாதே, முழுவதும் விரித்தும் விடாதே என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் சொல்கிறது. செலவில் வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவே நில் என்கிறது ஃபுர்கான் அத்தியாயம். இதை நாம் வீட்டுக் கணக்கு முழுவதற்கும் சேர்த்துத்தான் வாசிக்கிறோம். மொத்தத் தொகை நடுவில் நின்றால் போதும் என்று நினைக்கிறோம். அந்தத் தொகைக்குள்ளேயே மகனின் தம்ளர் தளும்பி வழியலாம், தாயின் கை கழுத்தோடு கட்டப்பட்டிருக்கலாம். அப்போது அந்த வீடு நடுநிலையில் இருக்கிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். இது தியாகம்தானே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேண்டாமென்று ஒதுக்குவதற்கு முதலில் அது நம் முன்னால் வைக்கப்பட வேண்டும். அந்த நாட்களில் உம்மாவின் முன்னால் நிறைந்த தம்ளரை யாரும் வைத்ததே இல்லை. வாப்பா வைக்கவில்லை. ஐந்து பிள்ளைகளில் ஒருத்தியான நானும் வைக்கவில்லை.

புகாரியில் வரும் பால் கிண்ணச் சம்பவத்தை அந்த வாரம் திரும்பத் திரும்ப நினைத்தேன். அபூஹுரைரா (ரலி) பசியில் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டிருந்த காலம். நபி (ஸல்) அவர்களிடம் ஒரு கிண்ணம் பால் இருக்கிறது. பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த தோழர்களை அழைத்துவரச் சொல்கிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அபூஹுரைராதான் பரிமாற வேண்டும். தமக்கு என்ன மிஞ்சப்போகிறது என்று அவர் மனம் சோர்கிறது. எல்லோரும் வயிறாரக் குடித்தார்கள். பிறகு நபியவர்கள் அவரை உட்கார வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். குடித்தார். இன்னும் குடிக்கச் சொன்னார்கள். இனி இடமில்லை என்று அவர் சத்தியம் செய்யும் வரை சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, மிஞ்சியதைத் தாம் அருந்தினார்கள். பரிமாறியவர் வரிசையில் பின்னால் வந்தார், அளவில் குறையவில்லை. அங்கே பால் பெருகியது அல்லாஹ்வின் அருள். என் சமையலறையில் மூன்று பழம் மூன்று பழம்தான். ஆனால் குடிக்கச் சொன்ன அந்த வாய்மொழி நமக்கும் முடியக்கூடியது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாற்றில் இன்னொரு தம்ளர் தண்ணீரைச் சேர்த்துவிட்டு, ஆறு தம்ளரையும் வரிசையாக வைத்து, பாங்குக்கு முன்பே அளந்து ஊற்றினேன். ஜக்கில் ஒன்றும் மிச்சமில்லை. உம்மாவின் தம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். பழக்கத்தில் அவர் கண் ஜக்கைத்தான் தேடியது.

"குடிங்க உம்மா."

ஒரு மிடறு குடித்தார். தம்ளரை உயர்த்திப் பார்த்தார்.

"என்னளா, தண்ணி ஊத்த மறந்துட்டியா?"

"இல்லம்மா. எல்லாருக்கும் இதேதான். குடிங்க."